ஜோடி கிடைக்காத பட்டன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் நலம். தாங்களும் நலமாக இருக்க வேண்டும். குறைந்தபட்சம் வருகிற வெள்ளிக்கிழமை காலை பத்து மணி வரையிலாவது நலமாகவும், கை ஓய்வாகவும், பக்கத்தில் பேனாவோடும் இருக்க வேண்டும். ஏன் என்பதைக் கீழே எழுதுகிறேன். சுற்றி வளைத்து எழுத எனக்கு நேரமும் இல்லை, பழக்கமும் இல்லை. நான் லிஃப்ட் மெக்கானிக். ஒரு மாடியில் ஏறியவர் இன்னொரு மாடியில் இறங்கிவிட வேண்டும், நடுவில் நிற்கக் கூடாது. அதுதான் என் தொழில்.

தங்கள் வார இதழின் கடைசிக்கு முந்தைய பக்கத்தில் வரும் 'வாரம் ஐந்து ஜோடி' பகுதியை அறுபத்தொரு வாரமாக விடாமல் படித்து வருகிறேன். ஆங்கிலத்தில் எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்று தாங்கள் கட்டம் போட்டுக் கொடுத்ததைப் பார்த்த முதல் நாளே எனக்குப் பிடித்துப்போய்விட்டது. மழை என்றால் 'ஹெவி ரெயின்', டீ என்றால் 'ஸ்ட்ராங் டீ', மாற்றிப் போட்டால் ஏறாது. அட, இது போல்ட்டும் நட்டும் அல்லவா! எட்டு எம்.எம். போல்ட்டுக்கு எட்டு எம்.எம். நட்டு, விஷயம் முடிந்தது. இலக்கணம், இலக்கணம் என்று சொல்லி இத்தனை வருடம் என்னைப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தியவர்கள் இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இறங்கியிருப்பேன். வாரா வாரம் ஐந்து ஜோடியையும் கத்தரித்து, ஸ்க்ரூ போட்டு வைக்கும் என் பிளாஸ்டிக் பெட்டியில் அறை அறையாகப் பிரித்து வைத்தேன். மன்னிப்புக்கு ஒரு அறை, ஆபத்துக்கு ஒரு அறை, பாராட்டுக்கு ஒரு அறை. அதில் இருந்த ஸ்க்ரூக்களை எங்கே வைத்தேன் என்று கேட்காதீர்கள், என் அக்கா தினமும் கேட்கிறாள். மொத்தம் முந்நூற்று ஐந்து ஜோடி. முதல் வாரத்தில் தாங்கள் எழுதியதை மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன்: 'ஜோடி தெரிந்தால் போதும், வாக்கியம் தானாக வந்து நிற்கும்.' வந்து நின்றது, ஆசிரியர் அவர்களே. இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில்.

நடந்ததைச் சொல்கிறேன். நானும் என் அக்காவின் கணவரும் ஒரே கம்பெனியில் வேலை. அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் முதல் நிலை மெக்கானிக், நான் இரண்டாம் நிலை. இருப்பதும் அவர் வீட்டில்தான். மோட்டார் மூடி மேல் கையை வைத்தே எந்தப் பேரிங் தேய்கிறது என்று சொல்லிவிடுவார், ஆனால் ஆங்கிலம் என்றால் மட்டும் பத்தடி தள்ளி நிற்பார். எங்கள் தலைமை அலுவலகத்திலோ ஆங்கிலத்தில் எழுதாத ரிப்போர்ட்டைத் தொடக்கூட மாட்டார்கள். ஆகவே எங்களுக்குள் ஒரு ஏற்பாடு: கை அவருடையது, பேனா என்னுடையது. சூப்பர்வைசர் ஆக வேண்டுமென்றால் ரிப்போர்ட் எழுதத் தெரிய வேண்டும் என்பதால் நானும் சந்தோஷமாகவே எழுதி வந்தேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை, நான்கு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டதாக போன் வந்தது. உள்ளே மூன்றாவது மாடியின் பல் டாக்டர். நாங்கள் போய்ச் சேரும்போது மனிதர் அமைதியாகத்தான் இருந்தார். "மெதுவா பாருங்கப்பா, நான் பேப்பர் படிச்சிட்டுதான் இருக்கேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. மாமா பிரேக்கைக் கையால் தளர்த்திக் கேபினை இறக்குவதற்காக மொட்டை மாடிக்குப் பக்கத்து மெஷின் ரூமுக்கு ஏறிப் போனார். நான் மூன்றாவது மாடிக் கதவருகே நின்றேன். சும்மா நின்றிருக்கலாம். கட்டடத்தின் அலுவலகப் பெண்மணி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததால், ஆறுதல் சொல்வதைக் கொஞ்சம் தரமாகச் சொல்வோமே என்று ஆறுதல் அறையிலிருந்து ஒரு ஜோடியை எடுத்து, "டாக்டர், டோன்ட் லூஸ் ஹோப்!" என்று கத்தினேன். நம்பிக்கையைக் கைவிடாதீர்கள் என்று. பேப்பர் திருப்பும் சத்தம் நின்றது. டாக்டர், "ஏம்ப்பா, அவ்வளவு தூரம் போயிடுச்சா?" என்று கேட்டார். பதறிப்போய் அதே அறையிலிருந்து அடுத்ததை எடுத்தேன்: "நோ டாக்டர், திஸ் இஸ் நாட் எ லைஃப் த்ரெட்டனிங் சிச்சுவேஷன்!" உயிருக்கு ஆபத்தான நிலைமை இல்லை என்றுதான் சொன்னேன். அவர் காதில் 'இல்லை' விழவில்லை. கதவை இரண்டு கையாலும் குத்த ஆரம்பித்தார், நடுவில் மனைவிக்கு போன் போட்டு அலமாரிச் சாவி எங்கே இருக்கிறது என்றும் சொன்னார். அலுவலகப் பெண்மணி என்னைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் கீழே போய் நில்லுங்களேன்" என்றார். அடுத்த பத்து நிமிடத்தில் மாமா கேபினை இரண்டாவது மாடிக்கு இறக்கி, டாக்டரைக் கைபிடித்து வெளியே கொண்டுவந்தார். டாக்டர் யாரையும் பார்க்காமல், முக்கியமாக என்னைப் பார்க்காமல், படி வழியாகவே ஏறிப் போனார்.

காரணம் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் ஆனது. இரண்டாவது மாடிக் கதவு ஓடும் பள்ளத்தில் ஒரு சட்டைப் பட்டன். வெள்ளை, நான்கு துளை. அதனால் கதவு ஒரு நூல் அளவு சரியாக மூடவில்லை. கதவு மூடியிருக்கிறதா என்ற சந்தேகம் வந்தால் லிஃப்ட் அதே இடத்தில் நின்றுவிட வேண்டும், அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். நின்றது. அதாவது யாருடைய தப்பும் இல்லை, எதுவும் கெடவும் இல்லை, லிஃப்ட் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. மாமா பட்டனைச் சிறு ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தார். வேலை முடிந்தது. இனி பேனா.

இங்கேதான் தாங்கள் வருகிறீர்கள். ரிப்போர்ட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. காரணம் பட்டன். பெட்டியைத் திறந்து தேடினேன். பட்டனுக்கு ஜோடி இல்லை. முந்நூற்று ஐந்தில் ஒன்றுகூட இல்லை! வெறும் 'பட்டன்' என்று ஒற்றைச் சொல்லாக எழுதினால் தலைமை அலுவலகம் என்ன நினைக்கும்? பதினொன்றாவது வாரம் தாங்களே எழுதியிருக்கிறீர்கள், 'தனிச் சொல் தள்ளாடும், ஜோடிச் சொல் நிமிர்ந்து நிற்கும்' என்று. சரி, பட்டன் அறுந்து விழுந்ததை யாரோ கவனிக்கவில்லை, ஆகவே கவனக்குறைவு என்று முடிவு செய்தேன். கவனக்குறைவு என்றால் நெக்லிஜென்ஸ். அதற்குத் தாங்கள் கொடுத்திருப்பது ஒரே ஒரு ஜோடி, முப்பத்துநான்காவது வாரம், வலது மூலை: 'க்ரோஸ் நெக்லிஜென்ஸ்'. மாபெரும் கவனக்குறைவு. கொஞ்சம் பெரிதாக இருக்கிறதே என்று எனக்கே தோன்றியது. ஆனால் கடையில் ஒரே அளவு நட்டுதான் இருக்கிறது என்றால் அதைத்தானே வாங்க முடியும்? எழுதினேன். எழுதியதும் பக்கத்து அறையிலிருந்து 'சீரியஸ் கான்சிக்வென்சஸ்' கிளம்பியது, அதன் பின்னால் 'ஸ்ட்ரிக்ட் ஆக்‌ஷன்', அதன் பின்னால் 'ஃபுல் ரெஸ்பான்சிபிலிட்டி'. ஒன்றை இழுத்தால் ரயில் பெட்டி மாதிரி மற்றது வருகிறது, நான் என்ன செய்ய? பெரிய கவனக்குறைவு நடந்தது, கடுமையான விளைவுகள் நேர்ந்திருக்கும், முழுப் பொறுப்பை ஏற்கிறோம், கண்டிப்பான நடவடிக்கை எடுக்கப்படும். நான்கு பக்கம். அத்தனை பக்கத்திலும் பட்டன் இல்லை. இதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. தங்களிடம் ஒப்புக்கொள்கிறேன், தயவுசெய்து என் அக்காவுக்குத் தெரிய வேண்டாம்.

மேனேஜர் நான்கு பக்கத்தையும் படித்தார். எழுந்து நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சொந்த மாமான்னுகூடப் பாக்காம எழுதியிருக்கே பாரு, அது நேர்மை!" என்றார். எனக்கு எதுவும் புரியவில்லை, பாராட்டுகிறார் என்பது மட்டும் புரிந்தது. பாராட்டை நிறுத்தி விளக்கம் கேட்கும் வழக்கம் எனக்கு இல்லை. "கடமை சார்" என்றேன். மத்தியானம் மாமா கையில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். யாருடைய கவனக்குறைவு என்று நான் எழுதவில்லை அல்லவா, அந்த இடத்தை மேனேஜரே நிரப்பிக்கொண்டார்: கடைசியாக சர்வீஸ் செய்த மெக்கானிக். விசாரணை முடியும் வரை வேலைக்கு வர வேண்டாம். கண்டிப்பான நடவடிக்கை எடுக்கப்படும் என்று நான் எழுதினேன், அவர் எடுத்துவிட்டார்.

வீட்டு நிலவரம் தங்களுக்குத் தேவையில்லாமல் இருக்கலாம், எனக்கு அதிலிருந்து தப்பிக்க வழியில்லை. அன்று சாயங்காலம் அக்கா என் தட்டைத் துடைத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள். "என் புருஷனைப் பத்தி இங்கிலீஷ்ல எழுதிட்டு, எங்கிட்ட வந்து தமிழ்ல சாப்பாடு கேக்கிறியா?"

"அக்கா, ஒரு சொல்லு கொஞ்சம் கனமா விழுந்துடுச்சு, அவ்வளவுதான்."

"எவ்வளவு கனம்? தூக்கிக் காட்டு பாப்போம்."

"விடும்மா, சின்னப் பையன்" என்றார் மாமா. எனக்கு இருபத்தேழு வயது.

"சின்னப் பையனா? நாலு பக்கம் எழுதியிருக்கான்! நீங்க நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு எழுதினதே ஒரு பக்கந்தான். அதுலயும் பாதி விலாசம்."

மாமாவுக்குக் கோபம் வரவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. சும்மா இருக்கத் தெரியாத மனிதர். முதல் வாரம் வீட்டு மின்விசிறிகள் மூன்றையும் கழற்றி மாட்டினார். இரண்டாம் வாரம் எல்லாக் கதவுக் கீல்களுக்கும் எண்ணெய் போட்டார். போட்டதில் இப்போது பூட்டியதைத் தவிர எந்த அலமாரியும் சொன்னால் மூடி நிற்பதில்லை, அக்கா ஒவ்வொன்றுக்கும் ஒரு நாற்காலி முட்டுக் கொடுத்திருக்கிறாள், உட்கார நாற்காலி இல்லை. காலை ஏழரைக்குச் சட்டை போட்டு, வாசல் ஆணியில் தொங்கும் டூல்ஸ் பை மேல் கையை வைக்கிறார். அப்புறம் ஞாபகம் வந்து கையை எடுத்துவிடுகிறார். அதை நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்தால், பையில் தூசி தட்டுவது போலத் தட்டுகிறார். இருபத்திரண்டு வருட சர்வீசில் ஒரு மெமோகூட வாங்காதவர். அக்கா முதுகைத் திருப்பிக்கொண்டு பாத்திரம் துலக்குகிறாள், துலக்கிய பாத்திரத்தையே மறுபடியும் துலக்குகிறாள்.

ஆகவே மேனேஜரிடம் நேரில் போனேன். "சார், தப்பு மாமா மேல இல்லை. பட்டன்."

"எந்தப் பட்டன்?"

"சட்டைப் பட்டன் சார். கதவுப் பள்ளத்துல இருந்தது."

நான்கு பக்கத்தையும் புரட்டினார். "இதுல எங்கேப்பா இருக்கு?"

"அதுக்கு ஜோடி கிடைக்கலை சார்."

பக்கங்களை மூடி வைத்தார். "அன்னைக்கு நேர்மையா எழுதினே. இன்னைக்கு மாமாவைக் காப்பாத்தப் பட்டன் தைக்கிறியா? சரி, எங்கே அந்தப் பட்டன்?"

"பட்டன் இப்ப முக்கியமில்லை சார், சொல்தான் பிரச்சினை" என்றேன். எடுத்த பட்டனை யார் பத்திரப்படுத்துவார்கள்? மாமா அங்கேயே எங்கோ வீசியிருப்பார். கேட்க எனக்கு முகமும் இல்லை.

"எழுத்துல இருக்கறதுதான் நடந்தது" என்றார் மேனேஜர். "வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அந்தக் கட்டடத்துலயே விசாரணை. ஹெட் ஆபீஸ்ல இருந்து வர்றாங்க. நெக்லிஜென்ஸ் உறுதியாச்சுன்னா வேலை போயிடும், நான் ஒண்ணும் பண்ண முடியாது. திருத்தின ரிப்போர்ட் இருந்தா கொண்டா. ஆனா இதே கனத்துல இருக்கணும், சப்புன்னு இருந்தா எடுபடாது."

திருத்தி எழுத உட்கார்ந்தேன். ஒன்பது தடவை எழுதிவிட்டேன், ஆசிரியர் அவர்களே, ஒன்பது தடவையும் கிழித்துவிட்டேன். 'டெக்னிக்கல் ஃபால்ட்' போடலாமென்றால் எதுவும் பழுதாகவில்லை. 'ஹியூமன் எரர்' போட்டால் எந்த மனிதர் என்று கேட்பார்கள், கேட்டால் மறுபடியும் மாமா. 'அன்ஃபோர்சீன் சர்க்கம்ஸ்டன்சஸ்' என்று நாற்பத்தெட்டாவது வாரம் ஒன்று கொடுத்தீர்கள், எதிர்பாராத சூழ்நிலை என்று. அதைச் சொல்லி முடிப்பதற்குள் லிஃப்டே கீழே வந்துவிடும், தவிர பள்ளத்தில் ஏதாவது விழும் என்று எதிர்பார்த்துத்தான் மாமா மாதாமாதம் பிரஷ் போட்டுத் துடைக்கிறார். பெட்டியைக் கொட்டி, தரையில் பரப்பி, மறுபடியும் எண்ணினேன். தப்பு செய்தவனுக்குத் தாங்கள் பதினேழு ஜோடி கொடுத்திருக்கிறீர்கள். அவனை மன்னிக்க ஆறு, தண்டிக்க ஒன்பது. ஒரு தப்பும் செய்யாமல், வந்து, பார்த்து, சரிசெய்து, கை கழுவிவிட்டுப் போனவனுக்கு ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது, 'கிளியர் கான்ஷியன்ஸ்', தெளிவான மனசாட்சி. அதை மாமாவிடம் சொல்லிப் பார்த்தேன். "அது என்ன மச்சான், மாத்திரையா?" என்றார்.

ஆகவே தாங்கள் செய்ய வேண்டியது இது. தங்கள் இதழின் பெயர் அச்சிட்ட தாளில், தங்கள் கையெழுத்தோடு, 'க்ரோஸ் நெக்லிஜென்ஸ் என்ற ஜோடியை முப்பத்துநான்காவது வாரம் நாங்கள்தான் அச்சிட்டோம், எந்த அளவுக் கவனக்குறைவுக்கு அதைப் போட வேண்டும் என்று குறிப்பு எதுவும் கொடுக்கவில்லை, அந்தச் சொல் எங்கள் பக்கத்திலிருந்து வந்ததே தவிர நடந்த விஷயத்திலிருந்து வரவில்லை' என்று எழுதி, வெள்ளிக்கிழமை பத்து மணிக்குள் என் கையில் சேர்க்க வேண்டும். நாங்கள் ஒவ்வொரு கேபினிலும் எத்தனை பேர் ஏறலாம் என்று தகடு அடிக்கிறோம். தாங்கள் ஒவ்வொரு ஜோடியின் பக்கத்திலும் அது எவ்வளவு தாங்கும் என்று ஏன் அடிப்பதில்லை? கடிதம் வராவிட்டாலும் நான் விடப்போவதில்லை. ஸ்க்ரூ பெட்டியோடு விசாரணைக்குப் போவேன், முந்நூற்று ஐந்தையும் மேஜையில் கொட்டுவேன், இதில் பட்டனுக்கு ஒன்று எடுத்துக் கொடுங்கள் என்று தலைமை அலுவலகத்தையே கேட்பேன். மாமா திங்கட்கிழமை காலை ஏழரைக்கு அந்தப் பையைத் தோளில் மாட்டியாக வேண்டும். அதற்கு நான் சூப்பர்வைசர் ஆகாமல் இன்னும் பத்து வருடம் கிரீஸ் தடவினாலும் சரி. தங்கள் பகுதியைப் படிப்பதை இன்றோடு நிறுத்திவிட்டேன். இனிமேல் ஒரு ஜோடியும் எனக்கு வேண்டாம்.

தங்களுக்கும், பக்கம் அமைப்பவருக்கும், எழுத்துப் பிழை பார்ப்பவருக்கும், அச்சு இயந்திரத்தைப் பராமரிக்கும் முகம் தெரியாத மெக்கானிக்குக்கும் என் மரியாதை. அவர் ரிப்போர்ட்டை யார் எழுதுகிறார்கள் என்று ஒரு தடவை விசாரித்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
அறுபத்தொரு வார வாசகன்,
லிஃப்ட் மெக்கானிக், இரண்டாம் நிலை.

பின்குறிப்பு: இன்று வெள்ளிக்கிழமை, மத்தியானம். மேலே உள்ள கடிதத்தை ஞாயிற்றுக்கிழமையே எழுதி, ஒட்டி, என் டூல்ஸ் பையில் போட்டு, தபாலில் சேர்க்க மறந்துவிட்டேன். பத்து மணிக்கு ஸ்க்ரூ பெட்டியோடு போனேன். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அம்மையார் என் நான்கு பக்கத்தைத் தொடக்கூட இல்லை. "மெஷின் ரூம் லாக் புக்கை எடுங்க" என்றார். ஒவ்வொரு கட்டடத்திலும் மெஷின் ரூமில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கும், வேலை முடிந்ததும் மெக்கானிக் அதில் ஒரு வரி எழுத வேண்டும். அதை நான் திறந்ததே இல்லை, அதில் ஜோடி எதுவும் இருக்காது என்பதால். திறந்தார்கள். பக்கத்துக்குப் பக்கம் மாமா, பள்ளத்திலிருந்து எடுத்ததையெல்லாம் தேதி போட்டுச் செலோ டேப்பால் ஒட்டி வைத்திருக்கிறார்: ஒரு ஹேர்பின், ஒரு பேனா மூடி, ஒற்றைக் கம்மல். அந்தத் திங்கட்கிழமைப் பக்கத்தில் வெள்ளைப் பட்டன், நான்கு துளை. கீழே மாமா கையெழுத்தில் ஏழே சொல்: 'கோட் பட்டன் இன் டோர். ரிமூவ். லிஃப்ட் ஓகே.' சாட்சி சொல்ல வந்திருந்த பல் டாக்டர் பட்டனைப் பார்த்தார், குனிந்து தன் வெள்ளைக் கோட்டைப் பார்த்தார், மூன்றாவது பட்டன் இருக்க வேண்டிய இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டார். விசாரணை பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தது. மாமா திங்கட்கிழமை வேலைக்கு வர வேண்டும். வெளியே வந்ததும், "ஏன் மாமா இதை இத்தனை நாள் சொல்லலை?" என்று கேட்டேன். "நாலு பக்கம் எழுதினவன் பட்டனை விட்டிருப்பான்னு யாருக்குத் தெரியும் மச்சான்? பட்டனையும் எழுதி, மேல என்னை ஏதோ திட்டியிருக்கான்னு நினைச்சேன். எப்படியும் புக்கைத் திறந்தா தெரியப்போகுதுன்னு இருந்தேன்" என்றார். என் தட்டு அலமாரியில்தான் இருக்கிறது. முதலில் அதன் சாவிக்கு வழி தேட வேண்டும்.

ஆகவே தங்கள் சான்றுக் கடிதம் தேவையில்லை. ஆனால் ரிப்போர்ட்டில் பட்டனை ஏன் குறிப்பிடவில்லை என்று திங்கட்கிழமைக்குள் விளக்கம் எழுதித் தர வேண்டுமாம், ஆங்கிலத்தில், நான். அதற்கு வேண்டிய ஜோடிகளை உடனே அனுப்பி வைக்கவும். நிறுத்திய பகுதியை மறுபடியும் படிக்கத் தொடங்குகிறேன். 'க்ரோஸ் நெக்லிஜென்ஸ்' மட்டும் அனுப்ப வேண்டாம், கைவசம் இருக்கிறது. இந்த முறை அளவும் மிகச் சரியாக இருக்கிறது.